கண்ணுக்கு மேலே நெற்றி

காகிதத்துக்கு எவனாவது பொட்டு வைப்பானா என்று கேட்டவன் அரிகிருஷ்ணன். கத்தியை எடுத்தவள் அஞ்சலாட்சி.

அன்றைக்கு ஆயுத பூஜை. கனகசெட்டிக்குளம் போகிற வழியில், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது உசேன் பாயின் பீரோ கம்பெனி. பூசணிக்காய், பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் பாய் செலவு. கற்பூரம் காட்டி முடிகிறவரை ஆபீஸ் ரூமில் இருந்துவிட்டு, பொரி பங்கு போடுகிற நேரத்துக்குச் சரியாக வெளியே வருவார். கட்டிங் மெஷின், வெல்டிங் செட், பெயிண்ட் அடிக்கிற கன், வாசலில் நின்ற பாயின் ஸ்கூட்டர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மிச்சம் இருந்தவை ஸ்டோரில் இருந்த மூன்று காயில்கள்.

பதினோரு நாள் முன்னால் சென்னையிலிருந்து டிரெய்லரில் வந்தவை. ஒவ்வொன்றும் நாலு டன். அரை கிலோமீட்டர் நீளத் தகட்டை இறுக்கிச் சுருட்டி, எண்ணெய் பூசி, துரு பிடிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய காகிதத்தால் சுற்றி, பட்டை போட்டு அனுப்பியிருந்தார்கள். ஹைட்ரா கிரேன் வைத்து இறக்கி, காய்ந்த சவுக்குக் கட்டைகளின் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தது. பார்க்கிறவருக்கு நேராகத் தெரிவது வட்டமான முகம். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குத் தொழிலில் பெயர் கண்.

"அக்கா, இதுக்கு எங்க வெக்கிறது? சுத்தியும் காகிதமா கீதே" என்றான் அரிகிருஷ்ணன். கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். கையில் சந்தனக் கிண்ணம்.

"காகிதத்துமேலயே வெச்சிட்டு வா."

"காகிதத்துக்கு எவனாவது பொட்டு வெப்பானா? இரும்புக்குத்தானக்கா பூஜை? பொண்ணு மூஞ்சில வெக்காம பொடவ பெட்டிமேல வெச்ச மாதிரி இருக்கும்."

சரியாகத்தான் பட்டது அவளுக்கு. "கண்ணுக்கு மேலதானே நெத்தி" என்று சொல்லி, ஓட்டைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் காகிதத்தைக் கீறினாள். உள்ளே, குறுக்கே நறுக்கிய வெங்காயம் மாதிரி, மயிரிழைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எண்ணெயில் சந்தனம் வழுக்கியது. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து அழுந்தத் துடைத்தாள். இரண்டாம் தடவை சந்தனம் நின்றது. தண்ணீர் கொஞ்சம் தாராளமாய் ஊற்றிக் கரைத்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம். மூன்று காயிலுக்கும் மூன்று நெற்றி. பாய் பொரியைக் கொறித்தபடி ஒரு சுற்று வந்தார். எல்லோரும் போன பிறகு ஞாபகமாக பிரவுன் டேப் போட்டுக் கீறலை ஒட்டிவிட்டுப் பூட்டினாள்.

எண்ணெயைக் கண்டால் துடைப்பது அவளுக்குக் கைப்பழக்கம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கம்பெனி முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில் நாலே ஆட்களோடு இருந்தபோது, பெயிண்ட் ஏறுவதற்காகத் தகட்டு எண்ணெயை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். நாலு தெரு தள்ளி வீடு. கணவர் விஜயராகவன் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்த சமயம் அது. நாலு வருஷம் துடைத்ததில் கட்டைவிரலுக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. தகட்டின் ஓரத்தில் விரலை ஓடவிட்டே, இது நல்ல சரக்கு, இது வெளியில் கிடந்த சரக்கு என்று சொல்வாள். பாய் அவளை ஸ்டோருக்கு மாற்றினார். அதற்கப்புறம் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பூட்டோ, கைப்பிடியோ, கண்ணாடியோ கம்பெனிக்குள் வந்ததில்லை. எண்ணாமல் போட மாட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் இன்னொரு முறை எண்ணுவாள்.

அதுவரைக்கும் வெட்டின ஷீட்டாகத்தான் வாங்கினார்கள். காயிலாக வாங்கலாம் என்றவள் பாயின் மகள் இஃப்ஃபத். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாகக் கொள்முதலைப் பார்க்கிறாள். ஹாஸ்டல் ஒன்றுக்கு நூற்றறுபது பீரோ ஆர்டர் வந்திருந்தது. வேண்டிய நீளத்துக்கு நாமே வெட்டிக்கொண்டால் கழிவு குறையும் என்று கணக்குச் சொன்னாள். காயில் பார்த்துக்கொள்ள சென்னையிலிருந்து அனுபவப்பட்ட ஆள் ஒருவரை வைக்கலாம் என்றார் பாய்.

"எதுக்கு அத்தா? அக்கா இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத தகடா?" என்றாள் இஃப்ஃபத்.

அதை அஞ்சலாட்சிக்கு எதிரிலேயே சொன்னாள். காயில் வந்த அன்று என்னென்ன செய்யக்கூடாது என்று ஸ்டோர் சுவரில் ஒட்ட ஒரு தாளும் தயாரித்தாள். இஃப்ஃபத்தின் தமிழ்க் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆகவே அவள் சொல்லச் சொல்ல, குண்டு குண்டாக எழுதியது அஞ்சலாட்சிதான். முதல் வரியே, மெஷினில் ஏற்றுகிற வரைக்கும் காகிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது.

பூஜையன்று அந்தத் தாளுக்கு நேர் கீழே நின்றுதான் காகிதத்தைக் கீறினாள். பிரிப்பது வேறு, பொட்டு வைக்க ஒரு ஜன்னல் திறப்பது வேறு என்று மனசு தானாகவே எடுத்துக்கொண்டது.

மூன்று நாள் கழித்து டீ வேளையில் இஃப்ஃபத் பேச்சுவாக்கில் சொன்னாள்: "காயிலுக்கு மேல தண்ணி பட்டாக்கூடப் பரவால்லக்கா, மேல் சுத்தோட போயிடும். அந்த மூஞ்சிப் பக்கம் பட்டாதான் வம்பு. சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல உறிஞ்சிக்கும். உள்ள போனது வெளிய வராது. அதுவும் நம்ம கடக்காத்துக்கு."

"அப்படியா" என்றாள் அஞ்சலாட்சி. டீ பாதி டம்ளரில் இருந்தது. அதைக் குடிக்கவில்லை.

ஷீட்டென்றால் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துவிடலாம். காயிலை அப்படிப் பார்க்க முடியாது. தகட்டை விரித்து நேராக்குகிற மெஷின் வந்து மாட்டினால்தான் உள்ளே என்ன என்று தெரியும். மெஷின் வந்துவிட்டது, மாட்டிக் கொடுக்க வேண்டிய ஆட்கள் தீபாவளி என்றார்கள், அப்புறம் மழை என்றார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. டேப்பைப் பிரித்துப் பார்க்கலாமா என்று தினமும் நினைப்பாள். பிரித்தால் ஈரக்காற்று புகும். பிரிக்காவிட்டால் உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே இருக்கும். எது மேல் என்று கேட்கவும் ஆள் இல்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று வரும்.

காலையில் வந்ததும் ஸ்டோர் கதவை அரைக்கதவாகத் திறப்பாள், கடல் பக்கத்து ஜன்னலை மூடுவாள், தார்ப்பாயைத் தூக்கி டேப்பை விரலால் தடவுவாள். மத்தியானம் ஒரு தடவை. கிளம்புமுன் ஒரு தடவை. பஸ்ஸில் முத்தியால்பேட்டை வந்து சேர்வதற்குள் மூன்றாவது காயிலின் தார்ப்பாயைச் சரியாக இழுத்துவிட்டோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

"என்னா அஞ்சல, சாம்பார்ல உப்பே இல்ல" என்றார் விஜயராகவன் ஒரு சாயங்காலம். இப்போது அவர் டெம்போ ஓட்டுகிறார்.

"இல்லன்னா போட்டுக்க வேண்டியதுதானே."

"மூணு நாளா போட்டுக்கிட்டுதான் இருக்கேன். விஷயம் என்னான்னு சொன்னா நாளைக்காவது நல்ல சாம்பார் கெடைக்கும்."

சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "பொட்டுதானே வெச்ச? வெடியா வெச்ச? நாலு டன் இரும்பு, ஒரு சொட்டு சந்தனத்துக்கு என்னா ஆகப் போவுது?"

அவள் உள்ளறைக்குப் போய் அவர்கள் வீட்டு பீரோவின் முன்னால் உட்கார்ந்தாள். வீடு கழுவும்போது தண்ணீர் தேங்குகிற மூலையில் இருந்தது அதன் கால். நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் பொருக்காய் எழும்பி, அடியில் செம்மண் மாதிரி உதிர்ந்தது. ஒரு கைப்பிடி வந்தது. அவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"பாய்கிட்ட சொல்லிடேன்" என்றார்.

"பாய் திட்டினா வாங்கிக்குவேன். அந்தப் பொண்ணு என்னை நம்பி பாய்கிட்ட பேசியிருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டாவது காயிலில் டேப்பை ஒட்டிக் காகிதத்தில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. எட்டணா அகலம். எண்ணெய் ஊறினதா, சந்தனமா, துருவா? முகர்ந்து பார்த்தாள். மருந்துக் காகிதத்தின் நெடிதான் வந்தது. சனிக்கிழமை கறை கொஞ்சம் பெருத்திருந்தது. அல்லது பெருத்தது போல இருந்தது.

திங்கட்கிழமை அதை இஃப்ஃபத்தும் பார்த்துவிட்டாள்.

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தவள், "அக்கா, இந்த டேப்பு அவங்க போட்டது இல்ல. வர்றப்பவே கிழிஞ்சி வந்திருக்கு. டிரெய்லர்காரன் ஒட்டி அனுப்பியிருக்கான்" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "மூணுலயும் அதே எடத்துல! செயின் போட்டு இழுத்திருப்பான். நாம இறக்கறப்ப கவனிக்காம விட்டுட்டோம்."

அஞ்சலாட்சி டேப்பின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். இறக்கும்போது கவனிக்காமலா? ஒவ்வொரு காயிலையும் அவள் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் இஃப்ஃபத் கடிதம் அடித்து எடுத்துவந்தாள். சரக்கு வந்தபோதே மேல் காகிதம் கிழிந்திருந்தது, நாங்கள் எதையும் திறக்கவில்லை, மாற்றித் தர வேண்டும். கீழே ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அவங்க எங்கிட்ட பேசவே பயப்படணும். ஏத்தி விட்ட ஆளு யாருன்னு கேட்டு அவனை வேலைய விட்டே தூக்கச் சொல்லப் போறேன். இதுல போடுங்கக்கா."

பேனாவை நீட்டினாள். அஞ்சலாட்சி வாங்கினாள். சென்னையில் முகம் தெரியாத எவனோ ஒருவன், கிரேன் கொக்கியைச் சரியாக மாட்டி, கிழிசல் இல்லாமல் ஏற்றி அனுப்பியவன். அவனுக்கும் வீட்டில் சாம்பார் இருக்கும்.

"பாப்பா, இது வந்தப்ப கிழிஞ்சி வரல" என்றாள்.

"பின்ன?"

"நான்தான் கீறுனேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்க."

இஃப்ஃபத்துக்குப் புரிய நேரமாயிற்று. "காகிதத்துமேலதானே வெச்சீங்க?"

"இரும்புமேல. எண்ணெயத் தொடச்சிட்டு."

"தொடச்சிட்டா!" அந்தக் குரலுக்கு, பக்கத்தில் பீரோ பொருத்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அரிகிருஷ்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நான்தாம்மா கேட்டேன், காகிதத்துக்குப் பொட்டு வெப்பாங்களான்னு" என்றான்.

"நீங்க கேப்பீங்க. அந்த ரூல எழுதினதே இவங்கதானே!" சுவரைக் காட்டினாள். தாளின் குண்டெழுத்துகளை அங்கிருந்தே எல்லோராலும் படிக்க முடிந்தது. "எத்தினி நாளாக்கா தெரியும்?"

"நீ டீ குடிக்கறப்ப சொன்னியே, அன்னைலருந்து."

"ஒரு மாசம்!"

சத்தம் கேட்டு உசேன் பாய் வந்தார். மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தாடியைச் சொறிந்தார். அப்புறம், "நான் அன்னைக்கே பாத்தேனே" என்றார்.

"என்னாத்தப் பாத்தீங்க அத்தா?"

"பொட்டைத்தான். பொரி தின்னுக்கிட்டே போறேன், மூணும் நெத்தியில செவப்பா வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. இரும்பு தெரியுதேன்னு மனசுல பட்டுது. சரி, இவங்க முறை இப்படித்தான் போலிருக்குன்னு வந்துட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவங்க சாமி விஷயத்துல நான் எப்பம்மா வாய் வெச்சிருக்கேன்? கேட்டா, பாய் பொட்டு வெக்க வேணாங்கறாருன்னு ஆயிடும்." அவர் அஞ்சலாட்சி பக்கம் திரும்பினார். "உனக்கு எங்ககிட்ட சொல்ல பயம், எனக்கு உங்ககிட்ட கேக்க பயம். நடுவுல இரும்பு நனைஞ்சிடுச்சி. லட்டர கிழிச்சிப் போடு இஃப்ஃபத். ஃபிட்டர் வர்றான்ல நாளைக்கி? பிரிச்சிப் பாத்துட்டு அழுவோம்."

இஃப்ஃபத் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாய் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க அவள் அஞ்சலாட்சியோடு பேசவில்லை. மறுநாளும் வேலை விஷயமாக மட்டும் பேசினாள்; அக்கா என்கிற சொல் அதில் வரவில்லை.

மெஷின் மாட்டி முடிய புதன்கிழமை ஆயிற்று. முதல் காயிலை ஏற்றினார்கள். டேப்பைப் பிரித்தது அஞ்சலாட்சி. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுற்றி, குங்குமத்தைவிடக் கறுத்த ஒரு சிவப்பு.

தகடு கரகரவென்று விரிந்து, உருளைகளுக்கு நடுவே நேராகி, இரண்டு மீட்டருக்கு ஒன்றாய் வெட்டுப்பட்டு விழுந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அஞ்சலாட்சி கட்டைவிரலை ஓடவிட்டாள். பத்து. முப்பது. அறுபது. பால் மாதிரி இருந்தது தகடு.

"அக்கா, ஒண்ணுமே இல்ல! சாமி காப்பாத்திடுச்சி" என்றான் அரிகிருஷ்ணன்.

"பொத்திக்கிட்டு ஓட்டு. பொட்டு நடுவுலதானே வெச்சோம்? மேல் சுத்து தீரட்டும்."

நூறு தாண்டியது. இஃப்ஃபத் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து நின்றாள். நூற்றுப் பதினெட்டாவது தகட்டில் விரல் சொரசொரத்தது.

ஓரத்தில் பழுப்பாக, அரிசி அகலத்துக்கு ஒரு துருப் பல். அடுத்த தகட்டில் அதைவிடப் பெரிதாய் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்று. சுற்றுக்கு ஒன்று வீதம், ஒரே பொட்டைக் கிழித்துக் கிழித்து வரிசையில் வைத்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று பொட்டு. அப்புறம் திரும்பவும் பால் மாதிரி தகடு.

"எவ்ளோ உள்ள போயிருக்கு, அளங்க" என்றாள் இஃப்ஃபத்.

அஞ்சலாட்சி ஸ்கேலை வைத்தாள். பத்து மில்லிமீட்டர். பன்னிரண்டு. பதினான்கு. அதிகபட்சம் பதினாறு. தகட்டின் அகலம் ஆயிரத்து இருநூற்றைம்பது. பீரோவுக்கு வேண்டியது ஆயிரத்து இருநூற்றிருபது. பக்கத்துக்குப் பதினைந்து மில்லி ஓரம் வெட்டிப் போடுகிற கழிவுதான். பதினாறு என்றால் ஒரு மில்லி உள்ளே நிற்கும்.

அரிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பக்கமும் சமமா வெட்டணும்னு சட்டமா? பொட்டு வெச்ச பக்கம் இருவத்தஞ்சி எடுத்துட்டு, அந்தாண்ட அஞ்சி எடுக்கறேன். மொத்தம் அதே முப்பதுதானே?"

இஃப்ஃபத் மனசுக்குள் கணக்குப் போட்டாள். "இருபத்தஞ்சு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா அந்தத் தகடு ஹாஸ்டலுக்குப் போகாது."

வியாழக்கிழமை, கறை தெரிந்த இரண்டாவது காயில். அஞ்சலாட்சி அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பல் தொடங்கியதும் ஒவ்வொன்றாய் அளந்தாள். பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. ஓரிடத்தில் ஸ்கேலை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"எவ்ளோ?" என்றாள் இஃப்ஃபத்.

"இருவத்தேழு."

அப்படி ஒன்பது தகடு வந்தது. மற்றவை இருபத்தைந்துக்குள் நின்றன. ஒன்பதையும் இஃப்ஃபத்தே தனியாக எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் தெரியாது என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"எங்க வீட்டு பீரோக்காலு வந்து பாரு, தெரியுமா தெரியாதான்னு" என்றாள் அஞ்சலாட்சி. "பெயிண்டுக்கு அடியில அது பாட்டுக்கு வேலை பாக்கும். அனுப்பக் கூடாது."

இஃப்ஃபத் அவளை ஒருமுறை பார்த்தாள். "அனுப்பல" என்றாள். பிறகு, போகிற போக்கில், "சாப்பிட்டுட்டு வாங்கக்கா. மணி மூணாவுது."

மூன்றாவது காயிலுக்கு அடுத்த வாரம்தான் முறை. முதல் இரண்டின் தகடுகள் தீர்ந்தால்தான் அதைப் பிரிக்கலாம். பிரித்து வைத்தால் இந்த ஈரத்தில் நல்ல தகடும் கெடும். டேப்பு அப்படியே இருக்கிறது. கறை எதுவும் இல்லை. இல்லாததால் பயம் குறைந்துவிடவில்லை; முதலாவதிலும் கறை இருக்கவில்லை.

சாயங்காலம் கிளம்புமுன் அஞ்சலாட்சி ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்த் தாளில் முதல் வரிக்குக் கீழே இருந்த இடுக்கில் நெருக்கி எழுதினாள்: பொட்டு காகிதத்துக்கே வைக்கவும்.

"சாமி கோச்சிக்காதாக்கா?" என்றான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன்.

"கோச்சிக்கிட்டா என்கிட்ட வரச் சொல்லு." யோசித்து, எழுதியதன் ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள்.

இறங்கி, மூன்றாவது காயிலின் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பூட்டிவிட்டு ரோட்டுக்கு வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள், என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டாள்.

"ஏறும்மா, ஏறும்மா" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்க. தார்ப்பாயப் பாத்துட்டு அடுத்த பஸ்ல வர்றேன்."